அத்தை அனுப்பிய குளவிப் படம்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடமே கைதட்டியது. அதற்கு இரண்டாம் நாள் அத்தையின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிப்போனது. இடையில் நடந்ததைப் பலரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். என் பக்கம் நியாயம் தெரிகிற மாதிரியும் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தாள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தராசுல ஏத்திப் பாத்துட்டு எல்லாரும் பயந்து ஓடிட்டானுங்க" என்று சிரிப்பாள். மலையில் கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. வீட்டில் டச் போன் வைத்திருந்த ஒரே ஆளும் அவள்தான். விடிந்தும் விடியாமலும் ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கத்தை லயம் முழுக்க அனுப்பிவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அது போய்ச் சேரும். "வந்திருச்சும்மா" என்று அவர் சுவர் வழியாகவே பதில் கொடுப்பார்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் ஒரு புது வகுப்பு தொடங்கினார்கள். நுவரெலியாவிலிருந்து ஓர் இளம் டீச்சர் காலை பஸ்ஸில் வருவார். போனில் வரும் செய்தியில் எதை நம்புவது, எதை விசாரிப்பது, நம் ஊர்க் கதையை நாமே படமும் குரலுமாக எப்படிச் செய்வது என்பதெல்லாம் பாடம். வீட்டிலிருந்து போன் கொண்டுவரச் சொன்னபோது இருபத்தாறு பேரில் ஏழு பேர்தான் கொண்டுபோனோம். அதில் ஒன்று அத்தையுடையது.

சனிக்கிழமையும் அத்தைக்கு மலையில் வேலை உண்டு. போகும் முன் போனை சொப்பிங் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி என் கையில் வைப்பாள். "கீழ போட்டுறாத. மழையில காட்டாத. யாராச்சும் கோல் எடுத்தா, அத்தை மலைக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு." அவளுக்கு அழைப்பு வருவதே அபூர்வம். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

ஒரு படம் வந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். யார் எடுத்தது, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது. அதே படம் இதற்கு முன் வேறு எங்காவது வந்திருக்கிறதா என்று இணையத்தில் தேடும் வழியையும் காட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் என்னோடு இருப்பது எல்லோருக்கும் கஷ்டமாகிவிட்டது. அம்மன் சிலை கண் திறந்தது என்று வந்த படத்துக்கு அம்மா கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது, அது கம்ப்யூட்டரில் செய்தது என்று நிரூபித்தேன். "கும்புட்டாச்சு, இனி திருப்பியா வாங்க முடியும்?" என்று அம்மா மிச்சக் கற்பூரத்தையும் ஏற்றினாள். அப்பா எனக்கு சிஐடி என்று பெயர் வைத்தார். அத்தைக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம், "எங்க புள்ள பொய்யப் புடிச்சிரும்" என்று சொல்லிவைத்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் அத்தை ஒரு படம் போட்டாள். மரக்கிளையில் பெரிய பானை அளவு குளவிக்கூடு. கீழே, 'ஏழாம் நம்பர் மலை, ஓடைப் பக்கம். எல்லாரும் கவனம்' என்று எழுதியிருந்தாள். எங்கள் தோட்டத்தில் குளவி என்றால் விளையாட்டில்லை. கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் லயத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கையாவும் அந்தக் குரூப்பில் இருந்தார். படத்தைப் பார்த்தவர், ஓடைப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் கொழுந்தெடுக்கச் சொன்னார். கூட்டைக் கலைக்க ஆள் கூட்டிவருவதாகவும் சொன்னார். ஒரு வாரம் போயிற்று. ஆள் வரவில்லை. ஓடைப் பக்கத்துக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் வகுப்பின் பெரிய பயிற்சி, நம் ஊரில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து விசாரித்து ஒரு சின்ன வீடியோக் கதை செய்வது. எனக்கு உடனே குளவிக்கூடு ஞாபகம் வந்தது. லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று தேடினேன். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்தப் படம் விழுந்தது. அதே கூடு, அதே கிளை, ஓரத்தில் அதே ஓட்டை விழுந்த இலை. எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு மொழியில், எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்டது.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அத்தை வந்ததையெல்லாம் அனுப்புகிறவள், யாரோ அவளை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யார் எடுத்தது என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கேட்ட நான், ஒரே கம்பளிக்குள் பக்கத்தில் படுத்திருந்தவளைக் கேட்கவில்லை. திடீரென்று காட்டி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பெற்றோரைக் கூப்பிட்டு எங்கள் கதைகளைக் காட்டினார்கள். மண்டபத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். முன் வரிசையில் கண்டாக்கையா. அத்தை கொழுந்து நிறுத்த கையோடு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடிவந்து நடுவில் உட்கார்ந்தாள். என் கதை மூன்றாவதாக வந்தது. திரையில் குளவிக்கூடு, அடுத்து அந்த வெளிநாட்டுப் பக்கம். என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது: "இந்தப் படம் நமது தோட்டத்தில் எடுக்கப்பட்டது அல்ல. இது பொய்ச் செய்தி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் அத்தையைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். கண்டாக்கையா திரும்பிப் பார்த்து, "என்னா இது, வெளிநாட்டுக் குளவியாமே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை எழுந்து நின்றாள்.

"ஐயா, படந்தான் வேறங்க. கூடு அங்க இருக்குதுங்க."

அதற்குள் அடுத்த கதையின் பாட்டு தொடங்கிவிட்டது. அவள் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்ததோ, என் காதில் விழுந்தது. தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளாமல் சபையில் வாதாடுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாதி வழி வந்ததும் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு, "குரல் நல்லா இருந்துச்சு புள்ள. ரேடியோவுல பேசுற மாதிரி" என்றாள்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரித்துவிடும்போது, ஓடைப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னார் கண்டாக்கையா. அத்தை திரும்பவும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "உங்க வீட்டுப் புள்ளயே சொல்லிருச்சேம்மா" என்று அவர் சிரித்திருக்கிறார். அத்தை எல்லோருக்கும் முன்னால் போய் அந்த மரத்துப் பக்கத்து நிரையைத் தான் எடுத்துக்கொண்டாள். வேறு யாரும் தெரியாமல் கிட்டே போய்விடக் கூடாது என்று. பத்து மணிக்கு ஒரு பெரிய காற்று வந்தது. கிளை ஆடியது.

கணிதப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ரோட்டில் லொறி ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பின்னால் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். லொறியை ஓட்டியது கண்டாக்கையா. அவர் கழுத்திலும் இரண்டு கொட்டு இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பின்னேரம் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்பது பெண்கள். அத்தையை நான் தாண்டிப் போய்விட்டேன்; அப்பாதான் தோளைப் பிடித்துத் திருப்பினார். இரண்டு கண்ணும் மூடி, உதடு தொங்கி, காது ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு விசும்ப, அந்தச் சத்தத்துக்கு அவள் கையை நீட்டித் துழாவினாள்.

"யாரு, பாப்பாவா? பயந்துறாத. பாக்கத்தான் அசிங்கமா இருக்கும், வலி கொறைஞ்சிருச்சு."

நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

"அழுவாத. வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்க. இது நம்ம தோட்டத்துக் குளவிதான். நல்லாத் தேடிப் பாத்துக்க."

பக்கத்துக் கட்டில்களில் வீங்கிய உதடுகளோடு மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்தால் வலிக்கிறது என்று ஒருத்தி அவளைத் திட்டினாள். வாசலில் கண்டாக்கையா ஒரு பிஸ்கட் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அடுத்த நாளே ஆட்கள் வந்து கூட்டைக் கலைத்தார்கள்.

அத்தை நான்கு நாளில் வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னோடு லயத்துக்கு நடந்து வந்தார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையும் நானும் சேர்ந்து பிழை விட்டுட்டோம்" என்றார். அத்தை பதறிப்போய் அவருக்குப் பிளேன்டீ ஊற்றினாள். இந்த முறை நடந்ததை அத்தை வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்யலாம் என்று டீச்சர் கேட்டார். அத்தை தலையைச் சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் போனைப் பிடித்தேன்.

முதலில் கூட்டைக் கண்டது ஒரு சனிக்கிழமை என்றாள். ஏன் அப்போதே படம் எடுக்கவில்லை என்று டீச்சர் கேட்டார்.

"போன் பாப்பாகிட்ட இருந்துச்சு டீச்சர். படிக்கிற புள்ளைக்குத்தானே அது வேணும்."

நான் போனைச் சற்றுத் தாழ்த்தி, மறுபடி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மறுபடி தனியா அந்தப் பக்கம் போகப் பயம். அதான் அதே மாதிரி ஒண்ணத் தேடி எடுத்தேன். அச்சு அசல் அதேதாங்க."

"படம் வேற, ஆனா கூடு இருக்குன்னு ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாமே?" என்றார் டீச்சர்.

அத்தை கோபப்படவில்லை. தெரியாத பிள்ளைக்கு வழி சொல்வது போலச் சொன்னாள். "நான் கண்ணால பாத்தேன்னு மூணு தடவ சொன்னேன் டீச்சர். நிறுக்கிற எடத்துல சொன்னேன், கண்டாக்கையா வீட்டு வாசல்லயும் போயி சொன்னேன். போட்டோ இருக்கான்னுதான் கேட்டாங்க. போட்டோ போட்டதும் நம்பிட்டாங்க."

டீச்சர் பதிவை நிறுத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

பதிவு ஏழு நிமிஷத்துக்குப் போயிருந்தது. கதை இரண்டு நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வெட்டுகிற வேலையை டீச்சர் என்னிடமே விட்டுவிட்டார். தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு பின்னேரம் முழுக்க வெட்டினேன். காற்று வந்ததை வைத்துக்கொண்டேன். லொறியை வைத்துக்கொண்டேன். போன் என்னிடம் இருந்ததையும், கூசினாலும், வைத்துக்கொண்டேன். அத்தை கட்டிலில் சொன்ன பகடியை அவளைத் திரும்பச் சொல்லவைத்துச் சேர்த்தேன். அப்படியும் கால் நிமிஷம் கூடுதலாக இருந்தது. கண்ணால் பார்த்ததை அத்தை மூன்று தடவை சொல்லியும் போட்டோ கேட்ட அந்த இடத்தை வெட்டிவிட்டேன். அதில் குளவியைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று அப்போது நினைத்தேன்.