காந்தம் இல்லாமல் இறங்கிய மின்தடை

ஒரகடம் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு ஏசி அறை. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஏசி எனக்காக அல்ல, மீட்டருக்காக. இரும்புத் தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரஸ் ஷாப்பின் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தவன் என் அறைத்தோழன், திருநெல்வேலிக்காரன். படப்பையில் ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து போனோம்.

அந்தக் கோடையில் பிரஸ் மெஷின்களின் பாதுகாப்புக் கதவுகளுக்கு, எங்களிடமே செய்த ஒரு கறுப்பு வில்லையைச் சோதனைக்காக மாட்டியிருந்தார்கள். மாங்கனீஸ் கலந்து சுட்டது. சும்மா இருக்கும்போது மின்சாரத்தை லேசில் விடாது. காந்தம் நெருங்கினால் அதன் மின்தடை இறங்கும், மின்சாரம் பாயும். கதவில் காந்தம், சட்டத்தில் வில்லை. கதவை மூடினால்தான் பிரஸ் இறங்கும். திறந்திருந்தால் பெடலை எத்தனை முறை மிதித்தாலும் அசையாது.

அதை நம்பி லைனில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கதவைத் திறந்து, அச்சில் ஒட்டிய தகட்டுத் துண்டைக் கையாலேயே எடுப்பார்கள். கால் மட்டும் பெடல் மேலேயே கிடக்கும். ஒவ்வொரு முறையும் காலை எடுத்து வைத்தால் டார்கெட் போய்விடுமாம். நான் திட்டினால் அவன் சிரிப்பான்.

"கதவு தெறந்துல்லாண்ணே கெடக்கு, அது எப்படி எறங்கும்?"

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் மெஷின்களுக்கு மட்டும்தான், ஏசி நின்றுவிட்டது. அறை புழுங்கத் தொடங்கியது. மேஜையில் பேட்டரி மீட்டரோடு இணைத்து ஒரு வில்லையை வைத்திருந்தேன். பக்கத்தில் காந்தம் இல்லை. ஆனாலும் மின்தடை இறங்கிக்கொண்டே வந்தது. ஏதாவது காந்தம் கிடக்கிறதா என்று டிராயரையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. காந்தம் செய்கிற வேலையைச் சூடும் செய்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லாச் சோதனையையும் இந்தக் குளுகுளு அறையிலேயே முடித்திருந்தோம், மகா புத்திசாலிகள்! பிரஸ் ஷாப்பில் இதைவிடப் பல மடங்கு சூடு. அங்கே கதவு திறந்திருந்தாலும் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கிவிடும்.

ஓடினேன். அவன் முழங்கை வரை கதவுக்குள் விட்டிருந்தான். கால் பெடல் மேல். கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். திடுக்கிட்டால் கால் அழுந்திவிடும். சத்தமில்லாமல் சுவரோரம் போய் மெயினை இறக்கினேன்.

"இன்னாபா, யாரு மெயினை ஆஃப் பண்ணது? லைனே நின்னுகினு கீது!" என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டு வந்தார்.

அவனை இழுத்து ஓரமாக நிறுத்தி, அச்சில் ஒரு மரக்கட்டையை வைத்தேன். கதவு திறந்தே இருக்க, மெயினைப் போட்டுப் பெடலை மிதித்தேன். பிரஸ் இறங்கியது. கட்டை சிம்பு சிம்பாகத் தெறித்தது. சூப்பர்வைசர் தாமே போய் மற்ற மெஷின்களையும் நிறுத்தினார்.

அவன் அந்தச் சிம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையிலருந்து இப்படித்தாண்ணே எடுத்துட்டிருக்கேன்" என்றான்.

நடக்காமல் போன ஒன்றுக்காக அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் யார் மேலாவது போய் விழுந்தான். கம்பியைப் பிடிடா என்று படப்பை வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். கடைசிவரை வெளியே எடுக்கவே இல்லை.