கற்பூரம் ஏற்றிக் கேட்ட வரம்

வெட்கக்கேடு, சொல்லிவிடுகிறேன். இன்று மாலை மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் விழுந்து, "எம் பொண்ணுக்குக் கல்யாணம் எப்ப தாயே?" என்று கேட்டேன்.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை அருகே, அவர் தரையில் உட்கார்ந்து தோள் குலுங்க ஆடிக்கொண்டிருந்தார். பேச்சே வரவில்லை.

"சாமி வந்துடுச்சு, கற்பூரம் ஏத்துங்க" என்றார் பூக்காரம்மா. நான்தான் ஏற்றினேன்.

என் கேள்விக்கு அவர் இல்லை என்று தலையாட்டினார். இந்த வருஷமும் போச்சு என்று நொந்துகொண்டேன்.

தண்ணீர் வாங்கப் போயிருந்த அவருடைய கணவர் ஓடிவந்தார். "இழுப்புங்க அவளுக்கு. பொகைய அணைங்க. இன்ஹேலர ரூம்லயே வச்சிட்டு வந்துட்டோம்ங்க."

அப்போதுதான் அந்தப் பெண்ணின் உதடு நீலமாகியிருந்ததைப் பார்த்தேன்.

கூட்டத்தைப் பிளந்து ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இன்னும் கண் திறக்கவில்லையாம்.

திட்டுகிறவர்கள் கீழே கமெண்டில் வரிசையாக வரலாம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். பையிலிருந்து என்னுடைய இன்ஹேலர் விழுந்தது.