நீலமாய்ப் போன பருப்புச் சோறு

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் கந்தவேலுக்குக் கிருமி என்றாலே ஆகாது. குளிக்கிற வாளியில் கிருமிநாசினியை ஊற்றி, தண்ணீர் பால் மாதிரி வெளுத்த பிறகுதான் மேலுக்கு ஊற்றுவார். அவர் உள்ளே வந்தால் ஆஸ்பத்திரியே எழுந்து வந்ததுபோல வாசம் அடிக்கும். கம்பெனி மெஸ்ஸில் தட்டை மோந்து பார்க்காமல் உட்கார மாட்டார். மெஸ் நடத்தும் வெள்ளையம்மாள் அருப்புக்கோட்டைக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவாள்.

போன ஆடியில் ஒரு நாள், சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரத்தில், அவர் விரலில் ஊசி ஏறிவிட்டது. முதலுதவிப் பெட்டி செக்கிங் பிரிவு நதியாவின் பொறுப்பு. அவள் பஞ்சில் பொவிடோன் அயோடினைத் தொட்டு வைத்தாள்.

"எரியவே இல்லியே கண்ணு? எரிஞ்சாத்தான மருந்து?"

"எரியாமலே கிருமி சாவும்ண்ணே. இதுல அயோடின் இருக்கு."

அவள் பேண்டேஜ் எடுக்கத் திரும்பினாள். கந்தவேல் பாட்டிலை எடுத்து ஐந்து விரலிலும் கவிழ்த்துக்கொண்டார். பேண்டேஜும் வேண்டாம், காற்றாடட்டும் என்று மெஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். கை கழுவவில்லையா என்று ஒருவர் கேட்டார்.

"மருந்து பட்ட கையவிடச் சுத்தமான கை ஏதுங்க?"

பருப்பை ஊற்றிப் பிசைந்தார். சோறு ஊதாவானது. இன்னொரு பிசை பிசைந்ததும் மை கொட்டியதுபோலக் கருநீலமாகிவிட்டது.

"ஏனுங்க! சோத்துல என்னத்தப் போட்டீங்க?"

"உப்பத் தவிர ஒண்ணும் போடல அண்ணாச்சி. எல்லாரும் திங்கிற சோறு உங்களுக்கு மட்டும் நீலமானா நான் என்ன செய்ய?" என்றாள் வெள்ளையம்மாள்.

எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். எதிலும் நீலம் இல்லை. கந்தவேல் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆரோ செய்வினை வெச்சுட்டாங்க சாமி" என்று ஹெல்பர் கருப்பாத்தாள் எழுந்தாள். சமையல்கட்டிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, குலசாமியைக் கும்பிட்டு அவர் தட்டில் பிழிந்தாள். பிழியப் பிழிய நீலம் போய்ச் சோறு வெளுத்தது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கந்தவேல் தம்பி சம்சாரத்திலிருந்து பக்கத்து மிஷின்காரர் வரைக்கும் ஒவ்வொருவராகச் சந்தேகப்படத் தொடங்கினார்.

அப்போதுதான் நதியா தன் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியிலிருந்த பாட்டிலை எடுத்துவந்து, தன் சோற்றில் ஓர் உருண்டையை ஒதுக்கி ஒரு சொட்டு விட்டாள். நீலமானது. எலுமிச்சையைப் பிழிந்தாள். வெளுத்தது.

"மாவுச்சத்துல அயோடின் பட்டா இப்பிடித்தாண்ணே ஆகும். எலுமிச்சையில உள்ள வைட்டமின் சி அந்த நெறத்த எடுத்துரும். அம்புட்டுத்தான்."

மெஸ்ஸே சிரித்தது. கந்தவேல் வெள்ளையம்மாளிடம் போய் நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி."

"நெனைக்கல அண்ணாச்சி. மொதல்ல போயி கையக் கழுவுங்க."

அன்றிலிருந்து கம்பெனியில் அவர் பெயர் நீலகண்டன். ஆனால் எரியாத மருந்தின்மீது அவருக்கு அபார நம்பிக்கை வந்துவிட்டது. சின்னப் பாட்டில் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மாவுக் கலப்படத்தை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று யாரோ சொல்லிவிட, குன்னத்தூரில் மச்சினன் மகள் கல்யாணத்தில், பந்தியில் வைத்த பால்கோவாவில் ஒரு சொட்டு விட்டார். நீலம்!

"மாவு கலந்திருக்குதுங்க!" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். "சாமி, அது பால்கோவா இல்லீங்க. மைதா பர்பி."

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், அவர் மனைவி அனிதா முதலில் அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறாள்.