அவள் எழுந்து உட்கார்ந்த நாள்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோனபோது, நான் செகிஞ்சானில் நெல் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. லோரி வேலையை விட்டேன். "வீட்டுல சும்மாதானே இருக்க?" என்று காப்பிக்கடையில் கேட்பார்கள். ஒருநாள் வந்து அந்தச் சும்மாவைச் செய்து பாருங்கள் என்று கத்தத் தோன்றும். குளிப்பாட்ட, ஊட்ட, துணி மாற்ற எல்லாம் பழகினேன். தலை பின்னத்தான் வரவில்லை. என் கோணல் பின்னலைத் தடவிப் பார்த்து அவள் பாதி வாயால் சிரிப்பாள்.

தினமும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலில் சாய்ந்து சாய்ந்து விழுந்தாள். போகப் போக நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அது மலையைப் புரட்டியது மாதிரி.

கையிருப்பு கரைந்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். அது கிடைக்காவிட்டால் அவளை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டு நான் மறுபடி லோரி ஏற வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள்.

என் மனைவி செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவள். கணக்கெழுதும் கிராணியின் தலை தெரிந்தாலே எழுந்து நிற்பாள். "ஆபீசர் வர்றப்ப படுத்துக்கிட்டா இருப்பாங்க? ஒக்கார வையுங்க" என்று குழறினாள். எனக்கும் அவளைக் காட்டிப் பெருமைப்பட ஆசை. நல்ல புடவை கட்டி, பொட்டு வைத்து உட்கார வைத்தேன்.

வந்தது ஒரு தமிழ்ப்பெண், சின்ன வயது. மனைவி இடது கையைத் தூக்கி வரவேற்று, மைலோ கலக்கச் சொல்லி என்னை விரட்டினாள்.

"ரொம்ப நல்லா பாத்துக்கிறீங்க லா, அங்கிள்."

அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா ஆன்ட்டி ஒக்கார்றாங்களே. படுத்த படுக்கையா இருந்தாத்தான் குடுக்க முடியும். ரூல் அப்படி. சாரி அங்கிள்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்த விதியை எழுதியவனை மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினேன்.

மறுநாள் தூக்கப் போனபோது மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். "வேணாங்க. நான் படுத்தே இருக்கறேன். அடுத்த தடவ பாத்தா குடுப்பாங்க."

சத்தம் போட்டேன். கெஞ்சினேன்.

"என்னைய எங்கயும் விட்டுட்டுப் போயிராதீங்க" என்றாள். அன்றிலிருந்து அவளைத் தூக்குவதை விட்டேன்.

மறுபடி மனுப் போட்டு, கடனில் நாளை ஓட்டினேன். சில மாதம் கழித்து அதே பெண் வந்தாள். மனைவிக்கு முதுகில் புண் வந்திருந்தது. கால்கள் மடங்கி இறுகியிருந்தன. அந்தப் பெண் போர்வையை மெல்ல மூடிவிட்டு, படிவத்தை நிரப்பினாள்.

பணம் வந்தது. சொன்னதும் மனைவியின் முகம் மலர்ந்தது. "இனிமே ஒக்காரலாம்ல? தூக்குங்க."

தூக்கினேன். தலை நிற்கவில்லை. உடம்பு அப்படியே என்மேல் சரிந்தது.

"நல்லா புடிங்க" என்றாள்.

நான் நன்றாகத்தான் பிடித்திருந்தேன்.