மரண அறிவித்தலில் நான் எழுதியவை

என் மனைவியின் மரண அறிவித்தலை நானே எழுதினேன். மலாயா அரசாங்க வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் எங்களுடையவை. எங்களிடையே அறிவித்தலுக்கென்று ஒரு வடிவம் உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று தொடங்கும். படித்த பள்ளி, பார்த்த வேலை, பிள்ளைகள், சகோதரர்கள் என விரிந்து தொடர்பு எண்களோடு முடியும். ஒருவரை விட்டுவிட்டாலும் உறவில் மனத்தாங்கல் வரும். அவள் குளுவாங்கில் பிறந்தது, பிறந்த தேதி, தாயின் முழுப்பெயர், முதலில் படித்த கான்வென்ட் என எதையும் நான் விடவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று மதியம் எனக்குச் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இரண்டு முறை திருத்தினேன். அவள் சிரிக்கும் படம் ஒன்றைச் சேர்த்து, என் சமூக ஊடகப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி இட்டேன். லண்டனிலும் மெல்பர்னிலும் இருக்கும் உறவினர்கள் அதைப் பகிர்ந்தார்கள். நன்றாக எழுதியிருப்பதாகச் சிலர் சொல்லவும் செய்தார்கள்.

அவள் இருந்திருந்தால் அனுமதித்திருக்க மாட்டாள். பேரனின் முகம் தெரியும் படத்தை அவள் ஒருநாளும் இட்டதில்லை. கேமரன் மலைக்குப் போனால், திரும்பி வந்து வீட்டைத் திறந்த பிறகுதான் படங்கள் ஏறும். "ஊருக்கே சொல்லிட்டுத்தான் வீட்டப் பூட்டணுமா?" என்று என்னைக் கேலி செய்வாள். பயந்த சுபாவம் என்று நான் நினைத்திருந்தேன்.

நோயின் கடைசி மாதங்களில் அவள் தன் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து, தன் சமூக ஊடகப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். மொத்தம் பத்தொன்பது பதிவுகள். 'நான் மட்டும்' என்று பூட்டியிருந்தாள். அவளுடைய கைப்பேசியில் அந்தக் கணக்கு திறந்தே இருந்ததால் அவள் போன பிறகு எனக்குத் தெரியவந்தது. "என்னங்க, இத நீங்க கேப்பீங்கன்னு தெரியும்" என்று முதல் பதிவு தொடங்கியது. வாரத்துக்கு ஒன்றாகக் கேட்பதென்று முடிவுசெய்தேன். அப்படிக் கேட்டால் நான்கு மாதங்களுக்கு மேல் அவள் குரல் எனக்கு மிச்சமிருக்கும். எல்லாவற்றையும் கணினியில் இறக்கி வைக்கிறேன் என்று மகள் சொன்னாள்.

"அம்மா பூட்டி வச்சிருக்கா. அப்படியே இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டேன்.

நான்காவது பதிவின் முடிவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "களைப்பா இருக்கு. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

ஐந்தாம் வாரம் கைப்பேசியில் அந்தக் கணக்கு கடவுச்சொல் கேட்டது. மகளுக்குத் தெரிந்திருந்ததைப் போட்டேன், ஏற்கவில்லை. சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லைப் பாலம் கடந்து வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மாவோட பழைய இமெயில் வழியா யாரோ உள்ள போயிருக்காங்கப்பா. பாஸ்வேர்ட் மறந்துட்டா அது மூணு கேள்வி கேக்கும்."

"என்ன கேள்வி?"

"பிறந்த ஊரு. அம்மா பேரு. முதல்ல படிச்ச ஸ்கூல்." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "எல்லாம் நோட்டீஸ்லயே இருக்குப்பா."

அறிவித்தலைத் திறந்து பார்த்தேன்; மூன்றும் இருந்தன. மகள், "எல்லாரும் அப்படித்தான் லா போடுறாங்க" என்றாள்.

மறுநாள் தம்போயிலிருந்து என் மனைவியின் தோழி அழைத்தார். இருவரும் ஒரே பள்ளியில் இருபது ஆண்டுகள் ஆசிரியைகளாக இருந்தவர்கள்.

"அண்ணே, நீங்க கேட்ட ஐசி படத்த அனுப்பிட்டேன். தெளிவா இருக்கா? பின்பக்கமும் வேணுமா?"

"அடையாள அட்டையா? நான் ஒண்ணும் கேக்கலையே."

"அவங்க அக்கவுண்ட்லேருந்து மெசேஜ் போட்டீங்களே. கணவர் எழுதறேன், உங்க பேருக்கு அவங்க ஏதோ எழுதி வச்சிருக்காங்க, ஐசி வேணும்னு." பிறகு குரல் தணிந்தது. "நீங்க கேட்டா நான் எப்படிண்ணே இல்லேன்னு சொல்றது?"

அன்று மாலை மகளிடம் சொன்னேன். இறப்பைத் தெரிவித்தால் நிறுவனம் கணக்கை நீக்கிவிடும். உள்ளே இருப்பதும் அதோடு போய்விடும் என்றாள். "கொஞ்சம் பொறுங்கப்பா. இமெயில் திரும்பக் கிடைச்சிட்டா எல்லாத்தயும் எடுத்துடலாம்."

"எத்தன நாளாகும்?"

"ரெண்டு வாரம். மூணுகூட ஆகலாம்."

அறிவித்தலை நீக்கினேன். யாரும் எதையும் அனுப்ப வேண்டாம் என்று என் பக்கத்தில் எழுதினேன். அதற்கு மேல் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இரண்டு நாள் பொறுத்தேன். பதினைந்து பதிவுகளுக்காகத்தான் பொறுத்தேன். அதை இங்கே மறைப்பதற்கில்லை. அந்த இரண்டு நாளில் என் எச்சரிக்கையைப் பார்க்காத இன்னொரு பெண்மணியும் தன் அடையாள அட்டையை அனுப்பிவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

மூன்றாம் நாள் காலை படிவத்தை நிரப்பினேன். இறப்புச் சான்றிதழை இணைத்தேன். மகள் பக்கத்தில் நின்றாள், தடுக்கவில்லை. மறுநாள் மனைவியின் பெயரைத் தேடியபோது, அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது.

அந்த வாரமே தோழியைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். காருக்கு நடந்து வரும்போது அவர் நின்றார்.

"அவங்க பக்கம் போயிடுச்சாமே. உங்க மக சொன்னாங்க. என்னாலதானே அண்ணே?"

"உங்களால இல்ல."

"அதுல முக்கியமா ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்ல. பூச்செடிப் படங்கதான்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பப் பரவால்ல" என்றார். காரில் ஏறிய பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆசிரியர் அறையில் என் மனைவி தலைமையாசிரியரைப் போல நடித்துக் காட்டியதையும், அந்தத் தலைமையாசிரியரே பின்னால் வந்து நின்றதையும் சொல்லித் தானே சிரித்தார். எனக்குத் தெரியாத கதை அது. மெதுவாக ஓட்டினேன். தம்போய் வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார்; நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.