எண்ணெய் துடைக்கும் சட்டை

ஹம்பேர்க் துறைமுகத்தில் நான் வேலை செய்யும் கிடங்கின் கம்பிவலைக் கதவுக்கு உள்ளே, ஓர் ஆணியில் எண்ணெய் துடைக்கும் துணி தொங்குகிறது. விரித்துப் பார்த்தால் சட்டை. தென்னாபிரிக்க தேசிய உதைபந்தாட்ட அணியின் பழைய சட்டை. மாட்டியவர் எங்கள் மேற்பார்வையாளரான போர்மன் அண்ணை.

அண்ணை டர்பனில் பிறந்தவர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழரின் பேரன். தமிழை இங்கே யாழ்ப்பாணத்தாரான எங்களிடம் பொறுக்கிக்கொண்டதால் எங்கள் பேச்சுத்தான் அவர் வாயில் வரும். இளமையில் இந்தியர் கழகமொன்றின் முன்வரிசை ஆட்டக்காரர். தேசிய அணியோ வெள்ளையருக்கு மட்டும். உலகம் முகம் சுளித்தபோது, ஓர் உலகக் கோப்பைக்கு வெள்ளையரையும் அடுத்ததற்குக் கறுப்பரையும் அனுப்புகிறோம் என்றார்களாம். "எங்கட ஆக்கள் எந்தக் கோப்பைக்கு எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை," என்பார். அரங்கில் இந்தியருக்கு ஒதுக்கிய இடம் கம்பிவலை அடித்த ஒரு மூலை. அங்கே நின்று வெளிநாட்டு அணிக்கே கைதட்டுவார்களாம்.

ஒரு கோடையில் துறைமுகக் கம்பனிகளின் மூத்தோர் ஆட்டம். எதிரணியில் ஒரு தென்னாபிரிக்க வெள்ளையர், அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு, நாட்டுக்காக ஆடியவன் நான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். ஆட்டத்தில் அண்ணை அந்த மனுசனின் கால்களுக்கு நடுவால் பந்தை விட்டெடுத்தார். போதாதென்று திரும்பி வந்து இன்னொரு தரம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு குளிரும்.

ஆட்டம் முடிந்தால் எதிரணியோடு சட்டை மாற்றிக்கொள்வது வழக்கம். அண்ணை வியர்வையில் நனைந்த தன் கம்பனிச் சட்டையைக் கழற்றி நீட்டியபடி நின்றார். அத்தனை பேர் பார்க்க, அந்த ஆளால் மறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை அண்ணை அந்தச் சட்டையால் பாரந்தூக்கி வண்டியின் எண்ணெயைத் துடைத்தார்.

"ஒருக்காப் போட்டுப் பாக்கேல்லையோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"போடுறதெண்டால் அப்பவே, டர்பனிலயே தந்திருக்க வேணும்."

அண்ணை இப்போது இல்லை. போன கிழமை அந்த வெள்ளையர் கைத்தடியோடு வந்தார். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினார். பழைய தேசிய அணியைப் பற்றித் தன் நாட்டில் கண்காட்சியாம். தன்னிடம் வேறு சட்டை இல்லையாம். திரும்பத் தரச் சொல்லி ஜெர்மனில் கெஞ்சினார்.

உங்கள் கால்களுக்கு நடுவால் பந்தை விட்டெடுத்த எங்கள் அண்ணையின் படமும் அங்கே இருக்குமா என்று கேட்டேன். அவர் அணியில் இல்லையே என்றார்.

இரக்கம் வரவேண்டிய வயதுதான் அவருக்கு. எனக்கு வரவில்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, வலைக்குப் பின்னால் அவர் பார்த்துக்கொண்டு நிற்க, வண்டியின் எண்ணெயை ஆற அமரத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினேன்.