துண்டு வெட்டியாச்சு

போன கிழமை தங்கச்சிக்கு நெஞ்சு படபடப்பென்று பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டுத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார். எங்களுடன் அம்புலன்ஸில் வந்த நேர்ஸின் போனுக்கு, நாங்கள் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே, கட்டில் தயார் என்று பதில் வந்துவிட்டது. அதைக் கேட்டதும் தங்கச்சிக்குப் பாதிச் சுகம். படபடப்பு எனக்குத் தொற்றிக்கொண்டது. இத்தனை வருடம் நேர்ஸ் வேலை பார்த்தவளுக்கு இது வெட்கக்கேடுதான், என்ன செய்ய?

எங்கள் காலத்தில் ஒருவரை மாற்றி அனுப்ப ஒரு புத்தகம் இருந்தது, இடையில் கார்பன் தாள். அதன் எண்ணெய் வாசம் சோறு தின்னும்போதும் கையில் இருக்கும். கிழித்துக் கொடுக்கும் தாளின் கீழ்ப்பாதியில், நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று பெரியாஸ்பத்திரி எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை. அனுப்பிய ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே அடுத்த கட்டிலுக்குப் போவோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மூதூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சம்பூரிலிருந்து வந்து படுத்திருந்த எட்டு மாதக் கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறி, முகமெல்லாம் வீங்கியிருந்தது. உடனே மாற்றச் சொன்னார் டாக்டர். நான் தாளைக் கிழித்த அவசரத்தில், "அக்கா, துண்டு வெட்டியாச்சு, வெளிக்கிடுங்க" என்றேன். துண்டு வெட்டியாச்சு என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நாக்குக்குத்தான் தெரியவில்லை.

அம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோது கட்டில் வெறுமையாகக் கிடந்தது. வாசலுக்கு ஓடினேன். பஸ் ஏறிவிட்டார் என்று காவலாளி சொன்னார். அதே அம்புலன்ஸில் துரத்திப்போய்ப் பஸ்ஸை மறித்தோம். அந்த அக்கா பையை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"துண்டு வெட்டியாச்செண்டு சொன்னீங்களே, மிஸ்ஸி?"

"பெரியாஸ்பத்திரிக்கெண்டுதான் சொன்னனான். நீங்கதான் பிழையா விளங்கிட்டீங்க."

பச்சைப் பொய். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது, நான் பயந்துபோனேன்.

"ஓம் மிஸ்ஸி, என்ர பிழைதான்" என்று இறங்கினார்.

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாகனத்தை ஏற்றித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர, அது அக்கரையில் நின்றது. என்னால் ஒரு மணித்தியாலம் போயிருந்தது.

இரண்டு கிழமை கழித்து அவருடைய கணவர் வந்தார். நாங்கள் போர்த்தி அனுப்பிய பெட்சீட்டைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"அவ சுகம், மிஸ்ஸி. பிள்ளைதான் தங்கேல்ல. தான் அவசரப்பட்டு பஸ் ஏறினதாலதானெண்டு ஒரே அழுகை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பெட்சீட்டை வாங்கி, திரும்பக் கிடைத்தது என்று பதிவேட்டில் எழுதினேன்.

பாதை போய்ப் பாலங்கள் வந்துவிட்டன. கார்பன் தாளை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பிறகு வந்த சண்டையில் அந்த அக்காவின் ஊரான சம்பூரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்து குடியேறியவர்களிடம் விசாரித்தேன். அந்த அக்காவின் குடும்பம் வரவில்லை, எங்கே என்றும் தெரியாது என்றார்கள். அது உங்கட பிழை இல்லை, அக்கா என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?